யாருக்குத் தேவையான தகைமை? விமானப் பணிப்பெண் நேர்முகத் தேர்வின் கதை

எமிரேட்ஸ் விமான நிறுவனம் ஆட்களைச் சேர்க்கும்போது கேட்கிற தகைமைகளில் சிலதைப் பாருங்கோ. வயது குறைந்தது 21. உயரம் குறைந்தது 160 சென்ரிமீற்றர். நுனிக்காலில் எழும்பி நிண்டு கையை நீட்டினால் 212 சென்ரிமீற்றர் எட்டவேணும். ஆங்கிலம் சரளமாக வேணும். சீருடை போட்ட பிறகு வெளியில தெரியிற மாதிரிப் பச்சை குத்தியிருக்கக் கூடாது.

முதல் பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரியான நிபந்தனைகளாகத்தான் தெரியும். ஆனால் 212 சென்ரிமீற்றருக்கு ஒரு காரணம் இருக்கு. விமானத்தின் அவசரகாலக் கருவிகளில் சில தலைக்கு மேல உள்ள பெட்டிகளில் இருக்கும். கை எட்டாதவரால் அவற்றை எடுக்க ஏலாது. பச்சைக்கு அப்படியொரு காரணம் இல்லை. பச்சை குத்தின கையாலும் தீயணைப்பானைத் தூக்கலாம். ஆகவே ஒரே பட்டியலுக்குள்ள இரண்டு வகையான தகைமைகள் கலந்து கிடக்கின்றன: விமானத்துக்குத் தேவையானவை, விமானப் பயணத்தை விற்கிறவருக்குத் தேவையானவை.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்குப் பல வருடங்கள் பிடித்தன. விமான நிறுவனங்கள் தாங்களாக யோசித்து அதைச் செய்யவில்லை. வேலை கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் நீதிமன்றம் வரை போய்த்தான் செய்வித்தார்கள். அந்தச் சண்டையின் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்ததால் இந்தக் கட்டுரையும் அங்கேதான் கூடுதலாக நிற்கும். ஆனால் எங்களுக்கும் இதில ஒரு பங்கு இருக்கு. "எயார் ஹோஸ்ரஸ்" எண்டு வாய் திறந்த உடனே "அதுக்கு நல்ல வெள்ளையா, உயரமா, வடிவா இருக்கவேணுமெல்லோ" எண்டு சொல்ல எங்கட ஊரிலயும் ஆராவது ஒராள் இருப்பினம். அந்தப் பட்டியல் எங்கயிருந்து வந்தது எண்டு தெரிஞ்சு வைக்கிறது நல்லது.

முதலில் ஆண்கள், பிறகு தாதிகள்

வானத்தில் பயணிகளைக் கவனிக்கிற வேலை பெண்களின் வேலையாகத் தொடங்கவில்லை. உலகின் முதல் விமானப் பணியாளர் எனப்படுபவர் ஹைன்ரிச் கூபிஸ் என்ற ஜேர்மானிய ஆண். 1912 இல் செப்பலின் வான்கப்பலில் பரிமாறத் தொடங்கியவர். 1937 இல் ஹின்டன்பேர்க் வான்கப்பல் எரிந்து விழுந்தபோதும் அவர் அதற்குள் இருந்தார். நிலம் கிட்ட வந்த நேரத்தில் பயணிகளைச் சன்னலால் குதிக்கச் சொல்லி, தானும் குதித்துத் தப்பினார். பான் அமெரிக்கன் நிறுவனமும் தன் ஆரம்ப வருடங்களில் ஆண்களைத்தான் வைத்திருந்தது. அங்கே பெண்கள் இந்த வேலைக்கு வந்தது 1944 இல்.

பெண்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பதற்கு எலன் சேர்ச் என்ற பெயரைச் சொல்லவேணும். அயோவா மாநிலத்தைச் சேர்ந்த பதிவுபெற்ற தாதி. விமானம் ஓட்டவும் படித்திருந்தார். 1930 இல் சான் பிரான்சிஸ்கோவில் போயிங் எயார் ட்ரான்ஸ்போர்ட் என்ற நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அவர் போனது விமானியாக வேலை கேட்டு. (இந்த நிறுவனம்தான் பின்னர் யுனைட்டட் எயார்லைன்ஸின் ஒரு பகுதியானது.) பெண்ணை விமானியாக எடுக்கிற எண்ணம் அங்கே ஒருவருக்கும் இல்லை. அப்போதுதான் அவர் வேறொரு யோசனையை முன்வைத்தார். தாதிகளை விமானத்தில் வைத்திருந்தால் பயணிகளின் பயம் குறையும். ஒரு பெண் நாளாந்தம் வேலை செய்கிற இடத்தில் "எனக்குப் பறக்கப் பயம்" எண்டு எந்த ஆம்பிளை சொல்லப் போறான்?

நிறுவனம் அந்த யோசனையை வாங்கிக்கொண்டது. எட்டுத் தாதிகள் தெரிவானார்கள். 1930 மே 15 அன்று சேர்ச் முதல் பறப்பில் ஏறினார். சிக்காகோ போய்ச் சேர 20 மணித்தியாலம், இடையில் 13 தரிப்பு.

அந்த எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்த தகைமைகள் இவை: பதிவுபெற்ற தாதியாக இருக்கவேணும். கலியாணம் ஆகியிருக்கக் கூடாது. வயது 25 ஐத் தாண்டக் கூடாது. நிறை 115 இறாத்தலுக்குள், அதாவது 52 கிலோவுக்குள். உயரம் 5 அடி 4 அங்குலத்துக்குள். சம்பளம் மாதம் 125 டொலர்.

இந்தப் பட்டியலை நிதானமாக வாசித்தால் ஒரு விசயம் பிடிபடும். இதில் சிலது உண்மையிலேயே அந்தக் காலத்து விமானத்தின் தேவை. விமானம் சின்னது, கூரை பதிவு, ஒவ்வொரு இறாத்தலும் கணக்கு. விமான அறைக்குள் காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் வசதி அப்போது இல்லாததால் தாழப் பறந்து, குலுங்கிக் குலுங்கித்தான் போகவேணும். பயணிகள் சத்தி எடுத்தபடி இருப்பார்கள். அதற்குத் தாதி தேவைதான். வேலையும் லேசானதில்லை. பயணப்பொதி தூக்குவது, கதிரைகள் தரையோடு இறுக்கமாகப் பூட்டியிருக்கா என்று பார்ப்பது, எரிபொருள் நிரப்ப உதவுவது, தேவைப்பட்டால் விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளுவது, கழிவறைக் கதவு என்று நினைத்து வெளிக்கதவைத் திறக்கப் போகிறவரைத் தடுப்பது எல்லாம் அவர்களின் பொறுப்பு. ஆபத்தும் குறைவில்லை. ஐரோப்பாவின் முதல் விமானப் பணிப்பெண் நெல்லி டீனர், 1934 இல் சுவிஸ்எயாரில் சேர்ந்து சில மாதங்களுக்குள்ளேயே விமான விபத்தில் உயிரிழந்தார்.

ஆனால் "கலியாணம் ஆகக் கூடாது" என்பது எந்த விமானத்தின் தேவை? கலியாணம் முடித்தால் நிறை கூடாது, உயரமும் வளராது.

இன்னொன்றையும் கவனியுங்கோ. 1930 இல் 5 அடி 4 அங்குலம், கிட்டத்தட்ட 163 சென்ரிமீற்றர், தாண்டக் கூடாத எல்லை. இன்றைக்கு 160 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. அன்று உயரம் எண்டு திருப்பி அனுப்பப்பட்டவர் இன்று முதல் வரிசையில் நிற்பார். விமானம் பெரிசானது, எல்லை தலைகீழானது. "இந்த வேலைக்கு ஏற்ற உடம்பு" எண்டு நிரந்தரமான ஒன்று இருந்ததே இல்லை.

எலன் சேர்ச் கேட்ட விமானி வேலைக்கு என்ன நடந்தது எண்டும் சொல்லிவிடுறன். 1934 இல் ஹெலன் ரிச்சி என்ற பெண்ணை அமெரிக்காவின் ஒரு சிறிய விமான நிறுவனம் விமானியாக எடுத்தது. விமானிகளின் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அடுத்த வருடமே அவர் விலகினார். அதற்குப் பிறகு அந்த நாட்டின் பயணிகள் விமான நிறுவனமொன்றில் ஒரு பெண்ணுக்கு நிரந்தர விமானி வேலை கிடைக்க 1973 ஆனது. முன்கதவு மூடியிருந்தபடியால்தான் சேர்ச் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

தாதித் தகைமை போனது, மற்றது தங்கியது

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் தாதிகள் இராணுவத்துக்குத் தேவைப்பட்டார்கள். விமான நிறுவனங்கள் தாதித் தகைமையைக் கைவிட்டன. பட்டியலில் இருந்த ஒரேயொரு தொழில்சார் தகைமை அதுதான். அது போனபிறகு மிஞ்சியவை வயது, நிறை, உயரம், தோற்றம், கலியாணம் ஆகாமை.

போருக்குப் பிறகு இந்தப் பட்டியல் இன்னும் இறுகியது. 1953 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் புதிதாகச் சேரும் பணிப்பெண்கள் 32 வயதில் விலகவேணும் என்று விதி கொண்டுவந்தது. வேறு நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. நிறையை அடிக்கடி தராசில் பார்ப்பார்கள். சீருடைக்குள்ள இடுப்புப் பட்டி போட்டிருக்கா எண்டு மேற்பார்வையாளர் தட்டிப் பார்ப்பார். ஆண் விமானிக்கு 32 வயதில் தொழில் தொடங்குகிறது. பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு முடிகிறது.

இதெல்லாம் வெறும் ரசனையின்பாற்பட்டது எண்டு நினைக்கவேண்டாம். இதற்குள்ள ஒரு கணக்கு இருக்கு. கலியாண விதியும் வயது விதியும் சேர்ந்து பெரும்பாலானவர்களை இரண்டு, மூன்று வருடத்தில் வெளியேற்றின. நெடுநாள் நிற்காத தொழிலாளிக்குச் சம்பள உயர்வு குடுக்கத் தேவையில்லை. ஓய்வூதியம் குடுக்கத் தேவையில்லை. தொழிற்சங்கத்தில் அனுபவம் பெற்று எதிர்த்துக் கதைக்கிறதுக்கும் அவர்களுக்குக் காலம் இல்லை. "இளமை" எண்டு விளம்பரத்தில் வந்தது, கணக்குப் புத்தகத்தில் மலிவான உழைப்பாகப் பதிவானது.

இரண்டு பெண்கள், இரண்டு கதவுகள்

மேலே சொன்ன பட்டியலில் எழுதப்படாத ஒரு தகைமையும் இருந்தது. வெள்ளையராக இருக்கவேணும்.

பற்றிசியா பாங்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் நியூயோர்க்கில் விமானப் பணிப்பெண் பயிற்சிப் பாடசாலையொன்றில் படித்துத் தேறினார். 1956 இல் வேலைக்கு விண்ணப்பித்தார். ஒரு பதிலும் உருப்படியாக வரவில்லை. கப்பிட்டல் எயார்லைன்ஸ் கறுப்பினத்தவரை எடுப்பதில்லை என்பது பிறகுதான் அவருக்குத் தெரிய வந்தது. பயிற்சிப் பாடசாலைக்கு அவரைப் படிப்பிக்கிறதில ஒரு தயக்கமும் இருக்கேல்லை. வேலைக் கதவுதான் திறக்கேல்லை. அவர் நியூயோர்க் மாநிலத்தின் பாரபட்சத்துக்கு எதிரான ஆணைக்குழுவிடம் முறையிட்டார். வழக்கு இழுபட்டு, 1960 இல்தான் அவரை வேலைக்கு எடுக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவு வந்தது.

அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வேறொருவர் முந்திக்கொண்டார். ரூத் கரல் டெய்லர், இவரும் தாதி. ஒரு பெரிய நிறுவனம் நிராகரித்த பிறகு, மொஹோக் எயார்லைன்ஸ் என்ற பிராந்திய நிறுவனம் அவரைத் தெரிவு செய்தது. 1958 பெப்ரவரி 11 அன்று இத்தாக்காவிலிருந்து நியூயோர்க்குக்குப் பறந்தார். அமெரிக்க விமான நிறுவனமொன்றின் முதல் கறுப்பினப் பணிப்பெண் என்று வரலாற்றில் பதிவானார்.

இங்கேதான் கதை திரும்புகிறது. ஆறு மாதத்துக்குள் டெய்லர் அந்த வேலையை விட்டுப் போகவேண்டி வந்தது. காரணம் நிறம் அல்ல. அவர் கலியாணம் செய்துகொண்டார்.

இனப் பாரபட்சம், பெண் பாரபட்சம் எண்டு நாங்கள் பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாகப் படிக்கிறம். அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் இரண்டும் ஒரே அரையாண்டுக்குள் அடுத்தடுத்து வந்தன.

சட்டம் வந்தது, சிரிப்பும் வந்தது

1964 இல் அமெரிக்கா சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் ஏழாம் பிரிவு வேலைவாய்ப்பில் இனம், நிறம், மதம், தேசிய மூலம் காரணமான பாரபட்சத்தைத் தடுத்தது. அந்தப் பட்டியலில் "பால்" என்ற சொல்லைச் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர், சட்டத்தையே எதிர்த்த வேர்ஜினியா உறுப்பினர் ஹவார்ட் சிமித். அவை சிரிப்பால் நிறைந்தது. பெண் உறுப்பினர்கள் சிரிக்கவில்லை. மிச்சிகன் உறுப்பினர் மார்த்தா கிரிஃபித்ஸ் எழும்பித் திருத்தத்துக்காக வாதாடினார். திருத்தம் நிறைவேறியது.

சட்டம் 1965 யூலையில் நடைமுறைக்கு வந்தது. அதைச் செயற்படுத்தச் சமவாய்ப்பு ஆணைக்குழு ஒன்று அமைந்தது. அலுவலகத்தின் தட்டச்சுப் பொறிகள் இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கப்படாத நேரத்திலேயே அமெரிக்கன் எயார்லைன்ஸின் பணிப்பெண்கள் இருவர் முறைப்பாட்டோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கு இது புதிய போராட்டமும் இல்லை. 1963 இலேயே பணிப்பெண்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டி, 32 வயது விதியைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டிருந்தார்கள்.

அதே 1965 இல் காங்கிரஸ் குழுவொன்றின் முன் பணிப்பெண்கள் சாட்சியமளிக்கப் போனார்கள். அங்கே ஜேம்ஸ் ஷோயர் என்ற உறுப்பினர், பிரச்சினையின் அளவை நாங்கள் பார்க்கவேணும், கொஞ்சம் எழும்பி நில்லுங்கோ என்ற கருத்தில் பகிடி விட்டார். சட்டம் இயற்றுகிற இடத்திலும் அவர்கள் நேர்முகத் தேர்வு வரிசையிலேயே நிறுத்தப்பட்டார்கள் எண்டுதான் எனக்குப் படுகிறது.

நிறுவனங்களின் வாதம் எளிமையானது. சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது: ஒரு தொழிலின் இயல்புக்கு அவசியமானால் ஒரு பாலாரை மட்டும் எடுக்கலாம். நாடகத்தில் பெண் வேடத்துக்குப் பெண்ணை எடுப்பது மாதிரி. அந்த விதிவிலக்குக்குள் நாங்கள் வருகிறோம், இளமையும் கலியாணம் ஆகாமையும் இந்த வேலையின் இயல்பு என்றார்கள் அவர்கள். இந்த மாதிரியான வாதத்தைக் கேட்ட மார்த்தா கிரிஃபித்ஸ், நீங்கள் நடத்துவது விமான நிறுவனமா விபசார விடுதியா என்று யுனைட்டட் நிறுவனத்தின் உயர் அதிகாரியிடம் கடிதத்தில் கேட்டதாகப் பதிவு உண்டு.

1968 இல் ஆணைக்குழு வயது விதியும் கலியாண விதியும் சட்டத்துக்கு முரண் என்று முடிவெடுத்தது. 1971 இல், கலியாணம் செய்ததற்காக யுனைட்டட் நீக்கிய மேரி ஸ்புறோகிஸ் என்பவரின் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. கலியாணமான ஆண்களை வைத்திருக்கும் நிறுவனம் கலியாணமான பெண்ணை மட்டும் அனுப்ப ஏலாது.

ஒரு ஆண் இந்த வேலையைக் கேட்டபோது

இந்த வரலாற்றில் பட்டியலின் அடித்தளத்தையே அசைத்தது ஒரு ஆணின் விண்ணப்பம். 1967 இல் மயாமியைச் சேர்ந்த செலியோ டியாஸ் பான் அமெரிக்கனில் விமானப் பணியாளர் வேலைக்கு விண்ணப்பித்தார். பெண்களைத்தான் எடுக்கிறம் எண்டு திருப்பி அனுப்பினார்கள். அவர் வழக்குப் போட்டார்.

முதல் நீதிமன்றத்தில் நிறுவனம் வென்றது. பயணிகளில் 79 சதவீதமானோர் பெண்களையே விரும்புகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பைக் காட்டினார்கள். எரிக் பேர்ண் என்ற பெயர்பெற்ற மனநல மருத்துவரைக் கூட்டிவந்து, மூடின அறைக்குள் வானத்தில் இருக்கிற பயணியின் மனப்பதற்றத்தை ஆற்ற ஒரு பெண்ணால்தான் நன்றாக முடியும் என்று சாட்சி சொல்லவைத்தார்கள்.

1971 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. விமான நிறுவனத்தின் முதன்மையான வேலை பயணிகளைப் பாதுகாப்பாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது. இனிமையான சூழல் நல்லதுதான், ஆனால் அது தொழிலின் சாரம் இல்லை. வாடிக்கையாளர் விரும்புகிறார் என்பதற்காகப் பாரபட்சம் காட்ட ஏலாது. அப்படி விட்டால், வாடிக்கையாளரின் தப்பெண்ணத்தை உடைக்க வந்த சட்டமே அந்தத் தப்பெண்ணத்துக்குக் காவல் நிற்கும்.

நான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு ஒரு நீதிமன்றம் குடுத்த தெளிவான பதில் இது. அதற்குப் பிறகுதான் அமெரிக்க நிறுவனங்கள் ஆண்களையும் பரவலாக எடுக்கத் தொடங்கின.

உடனே எல்லாம் மாறினதா எண்டால், இல்லை. அதே 1971 இல் நாஷனல் எயார்லைன்ஸ் பணிப்பெண்களின் முகத்தையும் பெயரையும் போட்டு, "என்னில் பறந்து பாருங்கள்" என்ற பொருளில் விளம்பரம் செய்தது. சவுத்வெஸ்ட் பணிப்பெண்களுக்குத் தொடைவரையான இறுக்கமான காற்சட்டை போடக் குடுத்து, "காதல்" என்ற கருப்பொருளை விற்றது. ஆண்களை எடுத்தால் அந்த அடையாளம் கெடும் என்றது. 1981 இல் ரெக்சஸ் நீதிமன்றம் அதையும் நிராகரித்தது. கவர்ச்சியைக் காட்டி விற்பது நிறுவனத்தின் தெரிவு. அதற்காக அது தொழிலின் இயல்பாகிவிடாது. நிறை விதி எல்லாவற்றிலும் நீண்டகாலம் உயிரோடு இருந்தது. யுனைட்டட், ஆண்களுக்குப் பெரிய உடலமைப்பின் அட்டவணையையும் பெண்களுக்கு நடுத்தர உடலமைப்பின் அட்டவணையையும் வைத்து நிறை பார்த்தது. அது பாரபட்சம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2000 ஆம் ஆண்டில்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம்

சவுத்வெஸ்ட் தீர்ப்பு வந்த அதே 1981 இல் இந்திய உயர் நீதிமன்றத்தின் முன்னும் இதே கேள்வி வந்தது. எயார் இந்தியா எதிர் நர்கீஷ் மீர்சா வழக்கு. சட்டம் படிக்கிற ஆக்கள் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பினம்.

எயார் இந்தியாவின் விதி: பணிப்பெண் 35 வயதில் ஓய்வு பெறவேணும், சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கலியாணம் செய்தால் வேலை போகும், முதல் முறை கர்ப்பமானால் வேலை போகும். விரும்பினால் 45 வரை நீடிக்கலாம், ஆனால் அது நிர்வாகப் பணிப்பாளரின் விருப்பம். அதே விமானத்துக்குள் வேலை செய்த ஆண்களுக்கு ஓய்வு வயது 58.

நீதிமன்றம் பாதிதான் திறந்தது. கர்ப்பமானால் நீக்கும் விதி இந்தியப் பெண்மைக்கு அவமானம் என்று கடுமையாகச் சொல்லி இரத்துச் செய்தது. பணிப்பாளரின் கட்டற்ற அதிகாரத்தையும் இரத்துச் செய்தது. ஆனால் நான்கு வருடக் கலியாணத் தடை நியாயமானது என்றது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நல்லது, அதற்குள் பெண் முதிர்ச்சியும் அடைவாள் என்ற மாதிரிக் காரணங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான வேறுபாட்டை, இரண்டும் வெவ்வேறு பதவி வகை, ஆகவே ஒப்பிட முடியாது என்று கடந்துபோனது.

இந்த இடம்தான் கவனிக்கவேண்டியது. ஒரே விமானம், ஒரே பயணிகள், பெரும்பாலும் ஒரே வேலை. ஆட்சேர்க்கும்போதே ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு வேறு பெயர் என்று வைத்துவிட்டால், பிறகு வருகிற பாரபட்சத்துக்கெல்லாம் அந்தப் பெயர் வித்தியாசமே காரணமாகிவிடும்.

புகை வந்த நேரத்தில்

வேலையின் சாரம் பாதுகாப்பு என்று நீதிபதிகள் சொன்னதற்கு முன்னும் பின்னும் அதை விமானத்துக்குள் நிரூபித்தவர்கள் இருக்கினம்.

1968 ஏப்ரல் 8, லண்டன் ஹீத்ரோ. பிஓஏசி நிறுவனத்தின் போயிங் 707 ஏறிய உடனேயே இயந்திரம் தீப்பிடித்துத் திரும்பி இறங்கியது. பார்பரா ஜேன் ஹரிசன் என்ற 22 வயதுப் பணிப்பெண் பின்வாசலில் நின்று பயணிகளை வெளியேற்றினார். அவர் வெளியே வரவில்லை. ஜோர்ஜ் சிலுவை விருது அவருக்கு இறந்தபின் வழங்கப்பட்டது. 1986 செப்ரெம்பர் 5, கராச்சி. ஆயுததாரிகள் பான் அமெரிக்கன் விமானத்துக்குள் ஏறியதும் நீர்ஜா பனோத் கொடுத்த எச்சரிக்கையால் விமானிகள் தப்பி வெளியேறினார்கள்; அதனால் விமானத்தைக் கடத்திக்கொண்டு பறக்க முடியாமல் போனது. கடைசியில் பயணிகளை வெளியேற்றும்போது அவர் சுடப்பட்டு இறந்தார். 23 ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருந்தது.

2024 யனவரி 2, தோக்கியோ ஹனேடா விமான நிலையம். ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் கரையோரக் காவற்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. காவற்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எட்டு வாசல்களில் மூன்றைத்தான் பாவிக்க முடிந்தது. எந்த வாசலைத் திறக்கலாம், எதைத் திறந்தால் தீ உள்ளே வரும் எண்டு தீர்மானித்தது பணியாளர்கள்தான். அந்த நிமிடங்களில் ஆரும் அவர்களின் நிறையையோ தோலின் நிறத்தையோ பார்த்திருக்கமாட்டினம்.

சிரிப்பை அளக்கிறது

இன்றைக்கு நேர்முகத் தேர்வு எப்படி நடக்கிறது? பொதுவாக, முதலில் விண்ணப்பத்தையும் தோற்றத்தையும் ஒரு பார்வை. பிறகு உயரமும் கை எட்டும் அளவும். பிறகு குழுக் கலந்துரையாடல்: ஒரு சிக்கலைக் குடுத்து, ஆக்கள் ஆளுக்காள் எப்படிக் கதைக்கினம், ஆர் மற்றவரைக் கதைக்க விடுகினம் எண்டு பார்ப்பார்கள். ஆங்கிலப் பரீட்சை. கடைசியில் தனி நேர்முகம்: கோபக்காரனான வாடிக்கையாளரை எப்படிக் கையாண்டீர்கள், சக ஊழியரோடு முரண்பட்ட நேரம் என்ன செய்தீர்கள் என்ற மாதிரியான கேள்விகள்.

இதில் பாதுகாப்புக்கும் பயன்படுகிற விசயங்கள் இருக்கு. பதற்றப்படாமல் கதைக்கத் தெரியவேணும், குழுவாக இயங்கத் தெரியவேணும். ஆனால் முழு நேரமும் இன்னொன்றும் அளக்கப்படுகிறது: சிரிப்பு. சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் டெல்டா நிறுவனத்தின் பணியாளர்களை ஆராய்ந்து 1983 இல் எழுதிய நூலில் இதற்கு "உணர்வுழைப்பு" என்று பெயர் வைத்தார். சாமான் தூக்கிறவர் உடம்பை விற்கிற மாதிரி, இவர் தன் உணர்ச்சியை ஒழுங்குபடுத்திச் சம்பளத்துக்கு விற்கிறார். சிரிப்பு உண்மையாகத் தெரியவேணும் எண்டதும் வேலையின் ஒரு பகுதி. சமூகவியல் வகுப்பில் வருகிற இந்தச் சொல் ஒரு விமானத்துக்குள்ளிருந்து வந்தது எண்டது எத்தனை பேருக்குத் தெரியும்?

மாற்றங்களும் நடக்கின்றன. 2019 இல் வேர்ஜின் அட்லாண்டிக் பெண் பணியாளர்கள் முகப்பூச்சுப் போடவேணும் என்ற கட்டாயத்தை நீக்கியது. 2020 இல் ஜப்பான் எயார்லைன்ஸ் குதிகால் சப்பாத்துக் கட்டாயத்தை நீக்கியது. கட்டார் எயார்வேஸின் ஒப்பந்தத்தில் கர்ப்பமானால் வேலையை முடிவுக்குக் கொண்டுவர நிறுவனத்துக்கு இடமளித்த விதி பாரபட்சமானது என்று சர்வதேச தொழில் அமைப்பு 2015 இல் முடிவு செய்தது. நிறுவனமும் அந்த விதியைத் தளர்த்தியது. 1930 இல் எழுதப்பட்ட ஒரு வரி வேறு வடிவத்தில் 2015 வரை வந்திருக்கிறது.

கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கிற தோழிகளும் தோழர்களும் இருப்பீர்கள். நல்ல வேலை. நல்லாப் போய்ச் செய்யுங்கோ. கேள்விகளுக்குப் பதில் பாடமாக்கும்போது, நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கோ. ஒப்பந்தம் எத்தனை வருடம்? கலியாணம் பற்றி அதில ஏதும் இருக்கா? பிள்ளை பிறந்தால் வேலை இருக்குமா, விடுப்பு எத்தனை நாள்? நிறை கூடினால் என்ன செய்வார்கள்? ஆணுக்கும் அதே விதிதானா? கையெழுத்து வைக்கிறதுக்கு முதல் இவற்றுக்கு எழுத்தில் பதில் இருக்கா எண்டு பாருங்கோ.

தெரிவாகாமல் திரும்பி வந்தால், எந்தத் தகைமையில் விழுந்தீர்கள் எண்டு பாருங்கோ. கை எட்டவில்லை எண்டால் அது விமானத்தின் அளவு. நிறமோ முகமோ எண்டு ஆராவது சொன்னால், அது உங்களில் உள்ள குறை இல்லை. பற்றிசியா பாங்க்ஸுக்கும் அதைத்தான் சொன்னார்கள், அவர் நாலு வருடம் வழக்காடி அது பிழை எண்டு எழுத்தில் வாங்கினார்.